நிலைக் கம்பமா, சுழல் கம்பமா?

போல் ஃபிட்னஸ் (pole fitness), அதாவது செங்குத்துக் கம்பத்தைப் பிடித்து ஏறியும் சுற்றியும் செய்யும் உடற்பயிற்சி, பழக வருகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். நிலைக் கம்பம் சுழலாமல் நிற்கும், அதைச் சுற்றி நாம் சுற்ற வேண்டும்; சுழல் கம்பம் நம்மோடு சேர்ந்து தானும் சுழலும்.

தோள், மணிக்கட்டு
நிலை: வேகத்தை நாமே உண்டாக்க வேண்டும். தோளைத் தளரவிட்டுத் தொங்கினால் வலி வரும். தோள்பட்டையைக் காதிலிருந்து விலக்கிக் கீழே இழுத்துப் பிடியுங்கள்.
சுழல்: சுற்றுவது எளிது, நிறுத்துவதுதான் பாடு. உடலை ஒடுக்கினால் வேகம் கூடும், கைகால்களை விரித்தால் குறையும். வேகம் ஏற ஏற உடல் வெளியே இழுபடும். பிடியின் மேல் பாரம் கூடும். பதற்றத்தில் உடலைச் சுருக்குவது இயல்பு, அதனால் வேகம் இன்னும் ஏறும்.

தோல்
நிலை: உராய்வுக் காயம் அதிகம்.
சுழல்: குறைவு.

தலைசுற்றல்
நிலை: பெரும்பாலும் இல்லை.
சுழல்: உண்டு. இறங்கியதும் சட்டென்று நடக்காதீர்கள்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம்; வீட்டுக் கம்பங்கள் பலவற்றில் இரண்டு வசதியும் உண்டு. ஆனால் ஏறுமுன், கம்பத்தைச் சுழலாமல் பூட்டும் திருகைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

ஏறுதல், உட்காருதல், தலைகீழாதல் எல்லாவற்றையும் நிலைக் கம்பத்தில், கீழே தடித்த மெத்தையோடு பழகுங்கள். அவை உறுதியானபின் கோர்வையாக ஆட விரும்புகிறவர்களுக்குச் சுழல் கம்பம். மணிக்கட்டு வலிக்கிறதா? அது அடங்கும்வரை இரண்டுமே வேண்டாம்.