சப்வூஃபர் பெட்டியின் கொள்ளளவு: டேப்பா, தெர்மாகோல் மணியா, மீட்டரா?

மூடிய பெட்டியில் கொள்ளளவு கொஞ்சம் பிசகினால் காது பெரும்பாலும் கண்டுபிடிக்காது. எஃப்எஸ் (பெட்டியில்லாமல் ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு) 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதைக் காட்டும் எண்) 0.45, வாஸ் (ஸ்பீக்கர் தொங்கலின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு) 50 லிட்டர் உள்ள ஒரு ஸ்பீக்கரை 30 லிட்டர் பெட்டியில் மாட்டினால் ஒத்ததிர்வு 49 ஹெர்ட்ஸில் வரும், க்யூடிசி (பெட்டிக்குள் அதே எண்) 0.735. பெட்டி 27 லிட்டராகச் சுருங்கினால் 50.7 ஹெர்ட்ஸ், 0.76. போர்ட் (காற்று போய்வரும் திறந்த குழாய்) வைத்த பெட்டி இப்படி மன்னிக்காது. உள்விட்டம் 104 மி.மீ., நீளம் 250 மி.மீ. உள்ள குழாய் 40 லிட்டரில் ஏறக்குறைய 44 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் ஆகும், அதாவது குழாய்க் காற்று அங்கே ஒத்ததிரும். அதே குழாய் 36 லிட்டரில் 46 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். ட்யூனிங்குக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக் காற்று உதவாது என்பதால், ட்யூனிங் மேலே ஏறினால் ஸ்பீக்கர் அடிவாங்கும் எல்லையும் சேர்ந்து மேலே ஏறுகிறது. எந்த அளவு முறை போதும் என்பதை முதலில் இதை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

டேப்

நேர்ச் சுவர்ப் பெட்டிக்கு டேப்பை வெல்ல எதுவும் இல்லை. வெளியளவு 450 × 350 × 400 மி.மீ. என்றால் 63 லிட்டர். 18 மி.மீ. பலகை போனால் உள்ளே 414 × 314 × 364, அதாவது 47.3 லிட்டர். வெளியளவை வைத்துக் கணக்குப் போட்டவர் கால்வாசியை அங்கேயே தொலைக்கிறார். மூன்று பக்கத்திலும் ஒவ்வொரு மி.மீ. தவறினால்கூட பிழை 0.4 லிட்டர்தான், மணி கொட்டி அளக்கும் முறையில் இந்தத் துல்லியம் வராது. பலகைத் தடிமனை மட்டும் நம்பிவிடக் கூடாது. 18 என்று விற்கும் பிளைவுட் காலிப்பரில் 17 காட்டுவது சகஜம்; அப்படியானால் இதே பெட்டி 48.1 லிட்டர். ஒரு பக்கம் சாய்ந்த பெட்டிக்கு மேல் ஆழத்தையும் கீழ் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, உயரத்தாலும் அகலத்தாலும் பெருக்கினால் போதும்.

கழிக்க வேண்டியதைக் கழிக்காமல் விடுவதுதான் டேப் கணக்கின் பெரிய ஓட்டை. 110 மி.மீ. பிவிசி குழாய் 250 மி.மீ. உள்ளே நீண்டால் 2.4 லிட்டரைப் பிடித்துக்கொள்ளும். குழாயின் சுவரை மட்டும் கழிப்பவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் காற்று போர்ட்டின் நிறையாக வேலை செய்கிறது, பெட்டியின் கொள்ளளவில் அதற்குப் பங்கில்லை. வெளிவிட்டத்தை வைத்து முழு உருளையையும் கழியுங்கள். பிறகு ஸ்பீக்கரின் காந்தம், கூடை (கூம்பைத் தாங்கும் சட்டகம்), குறுக்குச் சட்டங்கள், மூலைக் கட்டைகள்.

கொட்டி அளப்பது

காரின் டிக்கி மூலையில் வளைந்து உட்காரும் ஃபைபர் கிளாஸ் பெட்டிக்கு டேப் உதவாது. அங்கே கொட்டித்தான் அளக்க வேண்டும். எதைக் கொட்டுவது என்பதில்தான் போட்டி.

தண்ணீர் துல்லியமானது, ஆனால் 40 லிட்டர் என்றால் 40 கிலோ. மெல்லிய ஃபைபர் சுவர் வெளியே பிதுங்கி, இல்லாத கொள்ளளவைக் காட்டும். எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) அடிப்பலகை இருந்தால் ஒரு கசிவிலேயே ஊதிவிடும். பாலிதீன் பை விரித்து ஊற்றினாலோ மூலைகளில் மடிப்பு நின்று குறைத்துக் காட்டும். மணலின் எடை இன்னும் மோசம். அரிசி நன்றாகப் பாயும், சந்துகளில் இறங்கும், எடை போட்டே கணக்கெடுக்கலாம்: ஒரு லிட்டர் எவ்வளவு எடை என்று முதலில் பார்த்து, உள்ளே போன மொத்த எடையை அதால் வகுத்தால் சரி. ஆனால் 40 லிட்டருக்கு முப்பது கிலோவுக்கு மேல் வேண்டும். ரெசின் பிசிறில் சிக்கிய மணிகள் பின்னால் பூச்சி பிடிக்கும், கலகலக்கும்.

என் தேர்வு பீன் பேக்கில் போடும் தெர்மாகோல் மணி. எடையே இல்லாததால் சுவர் பிதுங்காது. மின்னூட்டத்தால் ஒட்டிக்கொண்டு பறக்கும், அது ஒன்றுதான் தொல்லை. பெட்டிக்குள் லேசாக ஈரத்துணி ஒற்றிவிட்டு ஆரம்பித்தால் அடங்கும். முடிந்ததும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

அளவுப் பாத்திரமாக உள்ளளவு 25 × 20 × 20 செ.மீ. உள்ள அட்டைப்பெட்டி செய்துகொள்ளுங்கள். சரியாக 10 லிட்டர். ஸ்பீக்கர் பெட்டியின் டெர்மினல் (வயர் இணைப்பு) துளையை ஒட்டும் டேப்பால் மூடி, ஸ்பீக்கர் துளை மேலே பார்க்க வைத்து, ஒரே உயரத்திலிருந்து கொட்டுங்கள். அளவுப் பெட்டியைத் தட்டாமல் சப்பைக் கட்டையால் வழித்தால், ஸ்பீக்கர் பெட்டியையும் தட்டக் கூடாது. ஒன்றைக் குலுக்கி மற்றொன்றைக் குலுக்காமல் விட்டால் நாற்பது லிட்டரில் இரண்டு லிட்டர் காணாமல் போகும். முகப்பின் கீழ் ஒளிந்திருக்கும் மூலைகளுக்கு மணிகளைக் கையால் தள்ளிவிட வேண்டும், தானாகப் போகாது.

துளையின் வெளி விளிம்பு வரை நிரப்பினால், 280 மி.மீ. துளை, 18 மி.மீ. பலகைக்கு 1.1 லிட்டர் கூடுதலாக வரும். முகப்பின் உள்முகம் வரை மட்டும் நிரப்புங்கள்.

இம்பீடன்ஸ்

மேலே சொன்ன இரண்டும் காலிப் பெட்டியை அளக்கின்றன. மூன்றாவது முறையான இம்பீடன்ஸ் (ஏசி மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு), ஸ்பீக்கர் மாட்டிய பிறகு அதற்கு எவ்வளவு காற்று கிடைக்கிறது என்று சொல்கிறது. காந்தம், சட்டம், பஞ்சு எல்லாம் அதில் தானாகவே அடங்கிவிடும். ஆம்ப்ளிஃபையர் வெளியீட்டில் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, போனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பை ஓட்டி, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். அதிர்வெண்ணை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றும்போது வோல்டேஜ் உச்சம் தொடும் இடமே ஒத்ததிர்வு.

தயாரிப்பாளர் தரும் வாஸ் எண்ணை இதில் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையில் இருக்கும் ஸ்பீக்கர் அந்த எண்ணிலிருந்து நன்றாகவே விலகியிருக்கும். டேப்பால் சரியாக அளந்த ஒரு நேர்ப்பெட்டியைச் சோதனைப் பெட்டியாக வைத்துக்கொண்டால் வாஸ் தேவையே இல்லை. ஒவ்வொரு பெட்டியின் ஒத்ததிர்வையும் பெட்டிக்கு வெளியே வைத்து அளந்த எஃப்எஸ்ஸால் வகுத்து, வர்க்கமாக்கி, 1 கழியுங்கள். எஃப்எஸ் 30, நிகரம் 30 லிட்டர் உள்ள சோதனைப் பெட்டியில் 49 என்றால் 1.668. புதுப் பெட்டியில் 52 வந்தால் 2.004. 30 × 1.668 ÷ 2.004 = 25 லிட்டர். புது ஸ்பீக்கரைச் சில மணி நேரம் ஓட்டி இளக்கிய பிறகு, எல்லா அளவையும் ஒரே அமர்வில் எடுங்கள். உச்சம் குட்டையாகவும் அகலமாகவும் தெரிந்தால் எங்கோ காற்று கசிகிறது. அதை அடைக்காமல் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

கூட்டுவதா, குறைப்பதா

பெட்டியைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டிவிட்டுப் பிறகு குறைப்பதே நல்லது. 300 × 185 மி.மீ. அளவில் 18 மி.மீ. பலகைத் துண்டு ஒன்று 1 லிட்டர். பசை தடவி ஸ்க்ரூ போட்டால் கணக்கு அப்படியே நிற்கும். காலி பெட் பாட்டிலை ஒட்டி வைப்பது வேலைக்காகாது: சுவர் நெளிவதால் உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து அமுங்கும், பாட்டிலும் அதிரும். மெத்தை ஸ்பாஞ்ச் கொள்ளளவைக் குறைக்கவே குறைக்காது. கட்டைகளைக் காந்தத்தின் காற்றுத் துளைக்குப் பின்னாலோ, போர்ட்டின் உள்வாயிலிருந்து குழாய் விட்டம் அளவு தூரத்துக்குள்ளோ வைக்காதீர்கள்.

கூட்ட வழிகள் குறைவு. முகப்பில் 18 மி.மீ. வளையம் ஒன்று சேர்த்தால் 1.1 லிட்டர். மூடிய பெட்டியில் தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சு, லிட்டருக்கு 8 முதல் 16 கிராம் வரை. கோட்பாட்டு உச்சம் 40 சதவீதம், நடைமுறையில் 15 முதல் 25 வரை எதிர்பார்க்கலாம். நூறு நூறு கிராமாகப் போட்டு ஒத்ததிர்வை அளந்துகொண்டே வாருங்கள். இறங்குவது நின்றால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போடும் பஞ்சு இடத்தைத்தான் அடைக்கும்.

போர்ட் பெட்டியில் பஞ்சை நிரப்பினால் போர்ட்டின் வேகத்தைக் கொன்றுவிடும். அங்கே லிட்டரைத் துரத்துவதை விட்டுவிட்டு, இம்பீடன்ஸின் இரண்டு உச்சங்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தைப் பாருங்கள். ட்யூனிங் அங்கேதான் இருக்கிறது. குழாயை நீளமாகவே விட்டு ஆரம்பியுங்கள். மேலே சொன்ன 40 லிட்டர் பெட்டியில் 20 மி.மீ. வெட்டினால் ஏறக்குறைய 1.4 ஹெர்ட்ஸ் ஏறும். ஒரு தடவைக்குப் பத்து மி.மீ. வெட்டி, மறுபடி அளந்து, குழாயை நிரந்தரமாக ஒட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.