குரோமா, ஃபயர்ஃபாக்ஸா? எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் நான் பார்த்தது

தக்கலையில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டரில் ஐந்து கம்ப்யூட்டர்கள். எல்லாமே 4 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டிகள். போன மழைக்காலத்தில், குலசேகரம் பக்கமிருந்து வந்த ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் அன்றைய ஷீட் விலையைத் தேடினார். வந்து நின்றது யாரும் கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம். "மக்களே, நான் கேட்டது ஒண்ணு, இது காட்டுறது வேற" என்றார். முந்தின நாள் யாரோ பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற ஒரு எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரலை, போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தேடுபொறியை மாற்றியது அதுதான். அதற்கப்புறம்தான் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டு பிரவுசர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

எக்ஸ்டென்ஷன்களைத் தேடி எடுப்பதில் குரோம் ஸ்டோர்தான் பெரிய சந்தை. ஆனால் விளம்பரத் தடுப்பான் என்று தேடினால் ஒரே மாதிரிப் பெயரும் ஐகானுமாக வரிசைகட்டி வரும். எது அசல் என்று உருவாக்கியவரின் பெயரைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் சரக்கு குறைவு. ஆனாலும் அங்கே 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற பட்டை இருந்தால், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா ஆட்களே அதன் நிரலைப் படித்துச் சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு அந்தப் பட்டை போதும்.

போடும் நாளில் நல்லதாக இருப்பது நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற குரோம் எக்ஸ்டென்ஷன் பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்தி வந்தது. என் கம்ப்யூட்டர் மாதிரியானவற்றுக்கு அது வரமாக இருந்தது. 2020இல் அது வேறொருவர் கைக்கு மாறியது; 2021 பிப்ரவரியில் தீங்கான மென்பொருள் என்று சொல்லி கூகுளே தூக்கிவிட்டது. அப்டேட் தானாக இறங்குவதால் இது யார் கண்ணிலும் படாது. ஃபயர்ஃபாக்ஸில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தானியங்கி அப்டேட்டைத் தனியாக நிறுத்தலாம். குரோமில் அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது.

விளம்பரத் தடுப்பில் இன்னும் பெரிய வித்தியாசம். மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதிமுறைக்கு மாறுவதற்காக, 2024 ஜூனிலிருந்து குரோம் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களைப் படிப்படியாக நிறுத்தியது. அதில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானும் போனது. பதிலுக்கு இருக்கும் 'லைட்' வேலை செய்கிறது, ஆனால் கை கட்டிய மாதிரி. எதைத் தடுப்பது என்று முன்கூட்டியே பட்டியல் கொடுத்தாக வேண்டும். பக்கம் வரவரப் பார்த்து முடிவெடுக்க அதற்கு அனுமதி இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் முழு யுபிளாக் ஆரிஜின் இன்னும் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு போனிலும் போடலாம். போன் குரோமில் எக்ஸ்டென்ஷனே கிடையாது.

சரி, குரோம் எங்கே ஜெயிக்கிறது? அனுமதியைக் குறுக்குவதில். தமிழ் தட்டச்சு எக்ஸ்டென்ஷன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடிக்கும் எழுத்தைப் பார்த்தால்தான் அது வேலை செய்யும். பேங்க் பாஸ்வேர்டையும் அது பார்க்க வேண்டுமா? ஜிக்சா துண்டு ஐகானை அழுத்தி, அந்த எக்ஸ்டென்ஷனின் தள அனுமதிக்குப் போனால் மூன்று வழிகள்: எல்லாத் தளங்களிலும், குறிப்பிட்ட தளங்களில், கிளிக் செய்யும்போது மட்டும். என் சொந்த கம்ப்யூட்டரில் அதை ஜிமெயிலுக்கு மட்டும் விட்டிருக்கிறேன். இவ்வளவு எளிதாகப் பூட்டும் வசதி ஃபயர்ஃபாக்ஸிலும் வர வேண்டும் என்பது என் ஆசை.

மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசர் பற்றிக் கேட்பவர்களுக்கு: குரோம் ஸ்டோர் சரக்கையே அதிலும் போடலாம், அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் உட்காரும் நான்கு பெட்டிகளிலும் இப்போது ஃபயர்ஃபாக்ஸ்தான். அது இருக்கும் ஃபோல்டருக்குள் 'டிஸ்ட்ரிபியூஷன்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, 'பாலிசீஸ்' என்ற ஜேசன் கோப்பில் (விதிகளை எழுதிவைக்கும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு) நான் அனுமதிப்பது தவிர மற்ற எல்லா எக்ஸ்டென்ஷனையும் தடுத்துவிட்டேன். ஒரு நாள் சாயங்கால வேலை. குரோமிலும் இதைச் செய்யலாம், ஆனால் விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் கை வைக்க வேண்டும். திங்கட்கிழமை கடை திறந்ததும் ஒவ்வொரு பெட்டியிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தி எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறப்பேன். பட்டியலில் யுபிளாக் ஆரிஜின் மட்டும் இருந்தால் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன்.