பல கோர் லினக்ஸ் கெர்னலுக்குச் சுமைச் சோதனை: கம்பைலா, ஸ்ட்ரெஸ்-என்ஜியா, சிஸ்காலரா?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைச் சோதிக்க, ராத்திரி முழுக்க அதன் சோர்ஸைத் திரும்பத் திரும்ப கம்பைல் செய்து, காலையில் மெஷின் விழாமல் ஓடிக்கொண்டிருந்தால் ‘பாஸ்’ போடும் வழக்கம் இன்னும் போகவில்லை. கம்பைல் பெரும்பாலும் கெர்னலுக்கு வெளியே, யூசர் மோடில்தான் ஓடும். ஃபோர்க் (புது ப்ராசஸ் உருவாக்குவது), பேஜ் ஃபால்ட் (தேவைப்படும்போது மெமரிப் பக்கத்தைக் கொண்டுவருவது), ஃபைல் சிஸ்டம் தவிர கெர்னலின் மற்ற மூலைகளுக்கு அது போவதே இல்லை. ஆனால் கெட்டுப்போன ரேமைக் காட்டிக்கொடுப்பதில் கெட்டி. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஃபைலில் கம்பைலர் சிக்னல் 11 (தப்பான மெமரி அணுகல்) வாங்கிச் செத்தால் முதலில் ரேமைச் சந்தேகியுங்கள். அதற்காக ஆரம்பத்தில் ஒரு மணி நேரம் கொடுக்கலாம்.

சிஸ்காலர் கூகுளில் பிறந்தது. கெர்னலில் எந்த கோடு ஓடியது என்று பார்த்துப் பார்த்து, கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளான சிஸ்டம் கால்களை மாற்றி மாற்றி அனுப்பி பக் தேடும் ஃபஸ்ஸர். கேகவ் (ஓடிய கோடைப் பதிவது), கேசான் (மெமரிப் பிழையைப் பிடிப்பது) போட்ட தனி கெர்னலும், விர்ச்சுவல் மெஷின்களுக்குத் தாராளமாக ரேமும் வேண்டும். புது பக் தேட இதற்கு நிகரில்லை. ஆனால் நம் கேள்வி ‘இந்த கெர்னல் இந்தச் சர்வரில் தாக்குப்பிடிக்குமா’ என்பது.

அதற்கு என் தேர்வு, மெஷினின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி ஸ்ட்ரெஸரால் சுமை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜி. காரணம் ஒன்றுதான்: விழுந்தால் எதில் விழுந்தது என்று சொல்லும். 300க்கும் மேற்பட்ட ஸ்ட்ரெஸர்களை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். சீக்வென்ஷியல் முறையில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் எல்லா கோர்களிலும் 60 விநாடி ஓடட்டும். முழுச் சுற்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விழுந்த ஸ்ட்ரெஸரை மட்டும் தனியே எடுத்து, கோர் எண்ணிக்கையின் இரு மடங்கு வொர்க்கர்களோடு ஓட்டுங்கள். கூடவே ஒரு கோரை ஆஃப்லைன், ஆன்லைன் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். கோர்களுக்கு வேலை பிரிக்கும் ஷெட்யூலரில் ரேஸ் (நேரம் பிசகினால் மட்டும் வரும் பிழை) இருந்தால் இங்கேதான் வெளியே வரும். மெமரி ஸ்ட்ரெஸரை ரேமில் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். மீறினால், மெமரி தீரும்போது ப்ராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் புகுந்து முடிவைக் குழப்பிவிடும்.

தடயம் இல்லாத கிராஷ், சோதனையே செய்யாததற்குச் சமம். சாஃப்ட் லாக்கப் (ஒரு கோர் கெர்னலுக்குள்ளேயே சிக்கி, வேறு வேலைக்கு இடம் தராதது) வழக்கமாக 20 விநாடிக்குப் பின் லாகில் எச்சரிக்கை எழுதிவிட்டுப் போய்விடும், டம்ப் (மெமரியின் நகல்) கிடைக்காது. அதனால் சாஃப்ட் லாக்கப், ஊப்ஸ் (கெர்னல் பிழை), ஹங் டாஸ்க் (நெடுநேரம் அசையாத ப்ராசஸ்) மூன்றுக்கும் பேனிக்கை (கெர்னல் தன்னை நிறுத்திக்கொள்வது) ஆன் செய்யுங்கள். டம்பை எடுத்துச் சேமிக்கும் கேடம்ப்புக்கு மெமரி ஒதுக்கி, சீரியல் கன்சோலை இன்னொரு மெஷினோடு இணையுங்கள். சோதனைக்கு முன் வேண்டுமென்றே ஒரு பேனிக் வரவழைத்து, டம்ப் ஃபைல் உண்மையில் உருவாகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

லாக் பிழைகளைக் கண்காணிக்கும் லாக்டெப் போட்ட கெர்னலுக்கு இவ்வளவு சுமை தேவையில்லை. லாக்குகளை எடுக்கும் வரிசை மாறுவதை ஒரு தடவை பார்த்தாலே, டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து எல்லாம் முடங்குவது) நடக்காமலேயே அது கத்திவிடும். ஆனால் வேகத்தைக் குறைத்து டைமிங்கை மாற்றும். ஆகவே முதலில் அதில் ஒரு சுற்று, பிறகு புரொடக்‌ஷன் கெர்னலில் முழு ஓட்டம். இவை எல்லாம் எக்ஸ்86 மெஷின்களில் பழகியவை. ஆர்ம் சர்வர்களில் நான் அதிகம் ஓட்டியதில்லை.

சென்னைக்கென்று இரண்டு விஷயம். ராத்திரி ஏசியை அணைக்கும் ஆபீஸில், அக்னி நட்சத்திர நாட்களில் ப்ராசஸர் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது வந்த ‘பாஸ்’ முழு வேகத்துக்குப் பொருந்தாது. இப்படி வேகம் குறைந்த தடவைகளின் (த்ராட்டில்) எண்ணிக்கையை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் குறித்துவையுங்கள். டம்பும் இல்லாமல், கன்சோலில் ஒரு வரியும் இல்லாமல் மெஷின் ரீபூட் ஆகியிருந்தால், கெர்னல் கணக்கில் எழுதும் முன், கரண்ட் போனதா என்று யூபிஎஸ் லாகைத் திறந்து பாருங்கள்.