எந்த ஊர் மழை? கார்ட்டஹேனா, சல்வடோர், பெலேம்

"தென் அமெரிக்கா போறதா இருந்தா மழைக்காலத்துல மட்டும் போகாதீங்க" என்று யாராவது சொன்னால், எந்த ஊர் மழைக்காலம் என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கண்டத்தின் வெப்பமண்டலக் கரையில் எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் மழை பெய்வதில்லை. பூமத்திய ரேகையை ஒட்டி ஒரு மழைமேகப் பட்டை, சூரியனைப் பின்தொடர்ந்து வருடம் முழுக்க வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அது தெற்கே இறங்கி நிற்கும் டிசம்பர் முதல் மே வரை பிரேசிலின் பெலேம் நனைகிறது. வடக்கே ஏறிய பிறகு, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கொலம்பியாவின் கார்ட்டஹேனாவுக்கு மழை; அக்டோபரில் உச்சம். பிரேசிலின் கிழக்குக் கரையில் இருக்கும் சல்வடோருக்கு இந்தப் பட்டையோடு பெரிய சம்பந்தம் இல்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றும் தெற்கிலிருந்து ஏறிவரும் குளிர்காற்றும் சேர்ந்து ஏப்ரல் முதல் ஜூலை வரை அங்கே கொட்டித் தீர்க்கின்றன.

மூன்று ஊரிலும் மழையில் நடந்திருக்கிறேன். கணக்கைப் பார்த்து முடிவு செய்தால் கார்ட்டஹேனாதான் தேறும். வருடத்துக்குச் சுமார் 1,000 மி.மீ. மழைதான் அங்கே. சல்வடோரில் அதைப்போல இரண்டு மடங்கு, பெலேமில் மூன்று மடங்கு. நானும் அப்படிக் கணக்குப் போட்டுத்தான் முதலில் கார்ட்டஹேனா போனேன்.

அங்கே அக்டோபரில் கஷ்டம் மழையால் வருவதைவிடக் காற்று நின்றுபோவதால் வருவதுதான் அதிகம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்கிலிருந்து கடற்காற்று விடாமல் வீசும். 31 டிகிரி வெயிலிலும் கோட்டை மதில்மேல் நடக்க முடிவது அதனால்தான். அக்டோபரில் அந்தக் காற்று அடங்கிவிடுகிறது. வெப்பமானியில் எண் ஏறக்குறைய அதேதான், ஆனால் காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. மழை ஒரு மணி நேரம் அடித்துப் பெய்து ஓய்ந்ததும், கல் பாவிய தெருவிலிருந்து ஆவி கிளம்புகிறது.

இன்னொன்றை நேரில் பார்க்கும்வரை நான் நம்பியிருக்க மாட்டேன். கடலுக்கும் விரிகுடாவுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் போக்காகிராந்தே பகுதியில் தங்கியிருந்தேன். ஒரு நாள் காலை வானத்தில் மேகமே இல்லை. கீழே இறங்கி வந்தால் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடி வழியாகத் தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்துகொண்டிருந்தது. கிட்டே போனால் உப்பு வாடை. கடல் ஏறும்போது, மழைநீரை வெளியே கொண்டுபோக வேண்டிய குழாய் வழியாகவே கடல் உள்ளே வந்துவிடுகிறது. அக்டோபர், நவம்பரில் ஓதம் (கடல் ஏற்றம்) உயரும் நாட்களில் இது அங்கே பழகிப்போன விஷயம். எதிர்க்கடைக்காரர் வாசலில் பலகையைக் குறுக்கே வைத்துவிட்டு, நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் தங்கிய விடுதியில் ஒருவரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த மாதங்களில் போவதாக இருந்தால், பழைய மதில் நகரிலோ அதை ஒட்டிய ஹெட்செமனியிலோ அறை எடுங்கள். அங்கேயும் சில தெருக்களில் தண்ணீர் தேங்கும். ஆனால் பார்க்க வேண்டிய எல்லாமே நடைதூரம்.

கடலில் குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் நன்றாக யோசியுங்கள். மக்தலேனா ஆற்றின் கிளையாக வெட்டப்பட்ட தீக்கே கால்வாய் இங்கேதான் கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் அது கொண்டுவரும் வண்டல் விரிகுடாவைப் பழுப்பாக்கி, ரொசாரியோ தீவுகளின் பக்கம்கூடப் பரவுகிறது. விளம்பரப் படங்களில் வரும் கண்ணாடி நீலத்தை அக்டோபரில் எதிர்பார்க்கக் கூடாது. அறை வாடகை குறைவு என்பது உண்மைதான். ஆனால் 1811 விடுதலைப் பிரகடனத்தைக் கொண்டாடும் நவம்பர் 11 நெருங்கும்போது அதுவும் ஏறிவிடுகிறது.

இதற்கெல்லாம் பிறகும் சான் ஃபெலிப்பே கோட்டையை மழையில்தான் பார்க்க வேண்டும் என்பேன். 1741-ல் வெர்னன் தலைமையில் பெரும் பிரிட்டிஷ் கப்பற்படை இந்த ஊரை முற்றுகையிட்டது. மழை தொடங்கியது, மஞ்சள் காய்ச்சல் படையைத் தின்றது, மே மாதத்தில் வந்த வழியே திரும்பினார்கள். கோட்டையின் சுரங்கப்பாதையில் ஈரச்சுவரைத் தொட்டபடி நடந்தால் அந்தக் கதை வேறு மாதிரி புரிகிறது.

சல்வடோர் முற்றிலும் வேறு அனுபவம். ஜூனில் 22 முதல் 27 டிகிரிதான் இருக்கும். மூன்று ஊர்களிலும் உடம்புக்கு இதமான மழை இதுதான். கடலிலிருந்து சாய்வாக, காற்றோடு வரும். குடை தாங்காது, மழைக்கோட்டுதான் சரி. நல்ல ரப்பர் அடி வைத்த செருப்பும் வேண்டும். பழைய நகர்ப்பகுதியான பெலோரிஞ்ஞோவின் சரிவான தெருக்களில் பதித்திருக்கும் உருண்டைக் கற்கள் நனைந்தால் அவ்வளவு வழுக்கும். மேல் ஊரையும் கீழ் ஊரையும் இணைக்கும் 72 மீட்டர் உயர லசெர்டா மின்தூக்கி 1873-லிருந்து இருக்கிறது. மழை நாளில் ஏறி இறங்க அதுதான் துணை. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இந்த மழை, மலைச்சரிவில் வீடு கட்டியிருக்கும் ஏழைகளுக்குப் பெரும் ஆபத்து. 2015 ஏப்ரலில் மண் சரிந்து பலர் இறந்துபோனார்கள். எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் மலைப்பகுதிகளில் சுற்றிப் பார்க்கக் கிளம்பாதீர்கள்.

சல்வடோரின் மழைக்காலத்துக்கென்றே ஒரு திருவிழா இருக்கிறது. மார்ச் 19, புனித யோசேப்பு நாளில் மழையை நம்பிச் சோளம் விதைப்பது பிரேசிலின் வடகிழக்கு வழக்கம். அது விளைந்து வரும்போது ஜூன் 24, புனித யோவான் நாளான சாவ் ஜொவாவ் விழா. சொக்கப்பனை, அக்கார்டியன் இசை, சோளத்தில் செய்த பண்டங்கள், எல்லாம் தூறலிலேயே நடக்கும். உள்ளூர்க்காரர்களில் பலர் கஷோயெய்ரா மாதிரியான உட்பகுதி ஊர்களுக்குப் போய்விடுகிறார்கள். முடிந்தால் நீங்களும் போங்கள். ஒரு வாரம் கூட இருந்தால் ஜூலை 2 வரும். 1823-ல் போர்த்துகீசியப் படை, சல்வடோரைத் தலைநகராகக் கொண்ட பஹியாவை விட்டு வெளியேறிய நாள். ஊரே ஊர்வலம் போகும்.

சாப்பாட்டில் சல்வடோரை அடிக்க ஆளில்லை. காராமணியைத் தோல் நீக்கி அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்தெடுக்கும் அக்கராஜே அந்த ஊரின் அடையாளம். வெள்ளை உடுப்பும் தலைக்கட்டுமாக ஓர் அம்மா, மழைக்குப் பெரிய குடை விரித்து அதன் கீழ் மாவை மரக்கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தார். அடிக்க அடிக்க மாவு வெளுத்து உப்பியது. எண்ணெயில் விழுந்ததும் தெருவே மணத்தது. சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: உள்ளே வைக்கும் கலவையில் பெரும்பாலும் காய்ந்த இறால் இருக்கும். வெறும் அக்கராஜே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பெலேம். சாவ் பாவ்லோவிலிருந்து விமானத்தில் மூன்றரை மணி நேரம். திறந்த கடற்கரை கிடையாது. குவஜாரா விரிகுடாவில், ஓதம் ஏறி இறங்கும் ஆற்றுநீர்தான். ஆனால் மழைக்காகவே ஓர் ஊருக்குப் போவதென்றால் நான் பெலேமுக்குத்தான் போவேன். அங்கே மழை அன்றாட நேர அட்டவணையிலேயே இருக்கிறது. "மழைக்கு முன்னாடி பார்க்கலாமா, மழைக்கு அப்புறமா?" என்று பேசிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். பெரும்பாலும் பிற்பகலில் வானம் கறுக்கும், கொட்டும், விடும். சந்தைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துவிடுவார்கள், நின்றதும் சுருட்டுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் நாள் முழுக்கப் பெய்வதும் உண்டு. மார்ச் மாதப் பெரிய ஓதத்தில் வேர்-ஓ-பேசோ சந்தையின் கரையோரம் தண்ணீர் ஏறும். அதனால் ஜனவரி எனக்குப் பிடித்த மாதம்.

ஊரின் முக்கியச் சாலைகளில் இருபுறமும் ஆளுயரத்தைப்போலப் பத்து மடங்கு ஓங்கிய மாமரங்கள். ரப்பர் வியாபாரம் கொழித்த காலத்தில் நிழலுக்காக நட்டவை. மேலே கிளைகள் கோத்துக் கூரையாகிவிட்டன. மழைக்காலத்தில்தான் பழுக்கும். ஒரு பலத்த மழைக்குப் பின் நசாரே சாலையில் ஒதுங்கி நின்றிருந்தேன். கார்க் கூரைமேல் 'டொம்' என்று ஒன்று விழுந்தது. இரண்டு பையன்கள் ஓடிவந்து பொறுக்கி, "மங்கா, மங்கா!" என்று கத்தினார்கள். போர்த்துகீசியர்கள் நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மரத்தோடு கொண்டுபோன சொல், மாங்காய். அதை அந்த மழையில், அந்த ஊர்ப் பிள்ளைகள் வாயில் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மாலையில் தக்காக்கா குடியுங்கள். சுரைக்குடுவைக் கிண்ணத்தில், மரவள்ளிச் சாற்றைக் காய்ச்சிய புளித்த மஞ்சள் குழம்பு, இறால், நாக்கையும் உதட்டையும் மரத்துப்போக வைக்கும் ஜம்பூ கீரை. அசாயீ என்ற பனைவகைப் பழம் மட்டும் இந்த மாதங்களில் குறைவு, விலையும் கூட. அதன் அறுவடை வெயில் காலத்தில். அதற்குப் பதில் குப்புவாசு பழம் குவிந்து கிடக்கும்.

கையிருப்பு குறைவு, பழைய கோட்டையும் தெருக்களும் போதும் என்பவர்கள் கார்ட்டஹேனாவுக்கு, செப்டம்பரில் போங்கள். குடும்பத்தோடு, குழந்தைகளோடு என்றால் சல்வடோர், ஜூன் கடைசி வாரம். மழையே வேண்டும் என்றால் பெலேம்.

மூன்றில் எதற்குப் போனாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கொலம்பியா, பிரேசில் இரண்டிலிருந்தும் இந்தியா திரும்பும்போது சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். டிக்கெட் எடுத்த வாரமே போய்விடுங்கள்.