கல்யாண மண்டபத்திலிருந்து சிலைப் பட்டறை வரை: எல்.இ.டி லைட்டுகளோடு ஐந்து வருஷம்

என் பையில் இப்போது நாலு லைட் இருக்கிறது. 30 வாட் பேனல் இரண்டு, 60 வாட் சிஓபி (சில்லுகளை ஒரே இடத்தில் நெருக்கி அடுக்கிய லைட்) ஒன்று, நிறம் மாற்றக்கூடிய இரண்டடி ஆர்ஜிபி டியூப் ஒன்று. கும்பகோணத்தைச் சுற்றிக் கல்யாண வீடியோதான் என் பிழைப்பு; இடையிடையே பேட்டி, ஆவணப்பட வேலையும் வரும். வாங்கும்போது ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தது வாட் கணக்கைத்தான். அந்தக் கணக்குதான் இத்தனை வருஷத்தில் எனக்குக் குறைவாக உதவியது. பிராண்டு பெயர் சொல்லப்போவதில்லை. மாடல் மாறிக்கொண்டே இருக்கிறது, சொல்லியும் பிரயோஜனமில்லை.

இதற்கு முன்னால் சன் கன் காலம். ஆயிரம் வாட் ஹாலஜன். மண்டபத்து பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து, தாலி கட்டி முடியும்வரை லைட் பாய் கையைத் தூக்கியபடியே நிற்பார். மாப்பிள்ளைக்கு ஹோமச் சூடு கீழிருந்து, எங்கள் சூடு மேலிருந்து. பெண்ணுக்கு மேக்கப் வழிந்தால் பழி எங்களுக்கு. எல்.இ.டிக்கு மாறியபோது கிடைத்த பெரிய நிம்மதி வெளிச்சமல்ல, காலில் தடுக்க ஒயர் இல்லாததுதான்.

முதலில் வாங்கிய பேனல் ஒன்று இப்போது என்னிடம் இல்லை. பெட்டியில் சி.ஆர்.ஐ 95 என்று பெரிதாகப் போட்டிருந்தது. நிறங்களை லைட் எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண் அது. அதை நம்பி ஒரு முகூர்த்தம் எடுத்தேன். எடிட்டிங்கில் உட்கார்ந்தால், பெண் கட்டியிருந்த அரக்குப் பட்டு காய்ந்த ரத்தம் மாதிரி இருக்கிறது. நெற்றிக் குங்குமம் செங்கல் பொடி. முகத்தில் லேசாகப் பச்சை. சிவப்பைத் தூக்கினால் மாமியார் முகமும் சேர்ந்து சிவக்கிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. வெள்ளை எல்.இ.டி என்பது பெரும்பாலும் நீல ஒளி விடும் சில்லின் மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி பூசியது. ஆழ்ந்த சிவப்பு அதில் இயல்பாகவே குறைச்சல். சி.ஆர்.ஐ எண்ணோ எட்டு வெளிர்நிறங்களின் சராசரி. அடர்சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு, அது அந்தச் சராசரியில் சேராது. குங்குமம், பட்டு, கெம்புக்கல், நம் தோல் எல்லாமே சிவப்பை நம்பி நிற்கிற ஊரில் அதைப் பார்க்காமல் வாங்கினால் இப்படித்தான். இப்போது கடைக்குப் போனால் ஒரு சிட்டிகை குங்குமம் கொண்டுபோகிறேன். உள்ளங்கையில் வைத்து, வாசல் வெயிலில் ஒரு படம், லைட்டின் கீழே ஒரு படம், இரண்டுக்கும் வெள்ளைக் காகிதம் காட்டி வைட் பேலன்ஸ் செய்துவிட்டு. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அடுத்த பாடம் சுவாமிமலையில் கிடைத்தது. ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றில் மூன்று நாள் வேலை. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். உலோகம் ஊற்றும் ஷாட்டுக்கு லைட்டின் நிறத்தை மஞ்சள் பக்கம், 3200 கெல்வினுக்கு இறக்கி, பத்து சதவீதத்தில் ஓரமாக வைத்தேன். நெருப்பின் நிறம் அதையும்விடக் கீழே. பகல் வெளிச்சத்துக்கான 5600இல் விட்டிருந்தால் ஸ்தபதியின் முதுகு மட்டும் நீலமாகத் தனியே நின்றிருக்கும். அது சரியாக வந்தது. சிக்கல் மறுநாள்.

ராவி, சீவி, மெருகு போட்ட அம்மன் சிலைக்கு முன்னால் பேனலைத் திருப்பினேன். மானிட்டரை எட்டிப் பார்த்த பெரியவர் கேட்டார்: "என்ன தம்பி, அம்பாள் கன்னத்துல கொப்புளம் கொப்புளமா இருக்கு?" பேனலில் உள்ள அத்தனை பல்பும் புள்ளி புள்ளியாகச் சிலையில் தெரிந்தது. மெருகேறிய உலோகம் கண்ணாடி மாதிரி. எதை நீட்டுகிறோமோ அதைக் காட்டும். பேனலோடு வந்த பிளாஸ்டிக் டிஃப்யூசர் போட்டும் போகவில்லை. கடைசியில் பெரியவரே உள்ளே போய் ஒரு நாலு முழ வேட்டி எடுத்து வந்தார். கொடிக்கயிற்றில் அதை விரித்து, பின்னாலிருந்து மூன்றடி தள்ளி சிஓபியை அடித்தோம். கொப்புளம் போய், கன்னத்தில் ஒரே சீரான பளபளப்பு இறங்கியது. அன்றிலிருந்து பையில் வேட்டி நிரந்தரம். ஒரு குறிப்பு: சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி வேண்டாம், படமும் நீலம் பக்கம் சாயும்.

பேட்டரிதான் நிஜச் செலவு. பேனலுக்கு என்பி-எஃப் 970 வகை, சுமாராக 48 வாட்-அவர். இரண்டு போட்டால் 30 வாட்டுக்கு மூன்று மணி நேரம் என்பது காகிதக் கணக்கு. புதிதில் இரண்டரை வந்தது, இப்போது ஒன்றரை. சிஓபிக்கு வி-மவுண்ட் என்ற பெரிய பேட்டரி, 99 வாட்-அவர். முழு வெளிச்சத்தில் ஒன்றேகால் மணி நேரம், அவ்வளவே. பேட்டரியைக் கெடுத்தது நான்தான். முழுக்க சார்ஜ் ஏற்றி, சித்திரை வெயிலில் கார் டிக்கியிலேயே போட்டு வைத்தேன். லித்தியத்துக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. இப்போதெல்லாம் ஆடி மாதம் வேலை இல்லாதபோது பாதி சார்ஜில் வீட்டு அலமாரிக்குள். விமானத்தில் போகிறவர்களுக்கு: உதிரிப் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-அவருக்கு மேல், 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். லேபிளில் அந்த எண் அழிந்திருந்தால் ஸ்கேனர் பக்கத்தில் நின்று கதை சொல்ல வேண்டிவரும். நான் சொன்னேன்.

சிஓபியின் ஃபேன் இன்னொரு கதை. மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு முன் அது யாருக்குக் கேட்கப்போகிறது? ஓட்டு வீட்டில் ஒரு பாட்டியின் பேட்டி எடுத்தபோதுதான் காலர் மைக்கில் 'ஹ்ஹ்ஹ்' என்று ஓடிக்கொண்டே இருந்தது. சைலன்ட் மோடில் போட்டால் வெளிச்சம் பாதி. மூன்றாம் வருஷம் ஃபேனே நின்றது. ஹோமப் புகை, நெய்ப் பிசுக்கு, பஞ்சு எல்லாம் உள்ளே அடைத்துக்கொண்டு, மாலை மாற்றும் நேரத்தில் சூடேறித் தானாக அணைந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். கடைசியில் தெருமுனை மொபைல் ரிப்பேர்க்காரர் அதே அளவு 12 வோல்ட் ஃபேன் ஒன்றைத் தேடிப் போட்டுக் கொடுத்தார். பழையதைவிடச் சத்தம் கம்மி. இப்போது நாலு கல்யாணத்துக்கு ஒருமுறை ப்ளோயர் அடித்துவிடுகிறேன்.

பகல் வெயிலில் இந்த லைட்டுகளைத் தூக்காதீர்கள். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். நம் லைட்டோ, தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிஞ்சும். அங்கே 60 வாட் என்ன செய்யும்? வெள்ளைத் தெர்மாகோல் ஒன்றைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஸ்லோ மோஷன் எடுப்பவர்கள் லைட்டைக் குறைத்து வைத்து ஒருமுறை சோதித்துக்கொள்ளவும். என் பேனல்கள் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் நொடிக்கு 120 ஃப்ரேமில் எடுக்கும்போது படத்தில் கோடு ஓடுகிறது. முப்பதில் வைத்துத் தள்ளி நிறுத்தினால் இல்லை.

ஆர்ஜிபி டியூப் ஆசைக்கு வாங்கியது. ரிசப்ஷனில் பின்னணிக்கு ஊதா அடிக்க நாலைந்து முறை எடுத்திருப்பேன். மற்றபடி மண்டபத்தில் கரண்ட் போனால் மணமகள் அறையில் ஜடை பின்ன அதைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

இன்றைக்குக் கையில் காசு இருந்தால் புது லைட் வாங்க மாட்டேன். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் 970 பேட்டரி நாலு, கனமான ஸ்டாண்டு ஒன்று. போன தையில் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடியதில் ஸ்டாண்டு சாய்ந்து, பந்திக்கு வந்த பாயசத்தில் போய் விழுந்தது பேனல். அந்தப் பேனலைத் துடைத்து இன்னும் வைத்திருக்கிறேன், வலது ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் எரிவதில்லை.