பேஃபிள் பலகை: ட்வீட் காலத்து ஒல்லியா, பிளாக்ஃபேஸ் காலத்துத் தடியா?

பழைய கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கைக்கு வந்தால் முதலில் பின்பக்கம் திருப்பி வால்வுகளைப் பார்ப்போம். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர், பிறகு ஸ்பீக்கரில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று. அந்த ஸ்பீக்கரைத் தாங்கி நிற்கும் பேஃபிள் பலகையை யாரும் சட்டை செய்வதில்லை. கிரில் துணிக்குப் பின்னால், கறுப்புப் பெயின்ட் பூசிக்கொண்டு, அது பாட்டுக்கு இருக்கிறது. ஒரே சர்க்யூட்டும் ஒரே ஸ்பீக்கரும் உள்ள இரண்டு ஆம்புகள் இரண்டு விதமாகப் பேசினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டு அலைகளும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். சந்திக்காமல் தடுப்பதே பேஃபிளின் வேலை. கிட்டாரின் கீழ் ‘இ’ கம்பி 82 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 4 மீட்டருக்கும் மேல். முதுகு திறந்த பெட்டியில் 60 சென்டிமீட்டர் பலகை அதை எங்கே முழுசாகத் தடுப்பது? அதனால் பேஸ் (கீழ் சுருதி ஒலி) ஏற்கெனவே கொஞ்சம் கசிந்துதான் வருகிறது. பலகையும் சேர்ந்து ஆடினால் என்ன ஆகும் என்பதில்தான் இரு கட்சிகளும் பிரிகின்றன.

முதல் கட்சி ட்வீட், பெட்டி மேல் ஒட்டிய துணியால் வந்த பெயர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ஃபெண்டர் நிறுவனம் 1950களில் செய்த ஆம்புகள். பெட்டி முழுக்கப் பைன் மரம். மூலைகளில் இரு கை விரல்களைக் கோத்தது போன்ற மூட்டு. பேஃபிள் மட்டும் ஒல்லியான பிளைவுட், ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். அதை மேலேயும் கீழேயும் மட்டும் முடுக்கியிருப்பார்கள். இரு பக்கமும் சும்மா விட்டிருக்கும். ஆங்கிலத்தில் இதை மிதக்கும் பேஃபிள் என்பார்கள். உண்மையில் அது மிதக்கவில்லை, அதிர்கிறது. சத்தமாக வாசிக்கும்போது கிரில் துணி மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஸ்பீக்கருக்கு வெளியேயும் பலகை துடிப்பது தெரியும். அந்தத் துடிப்பு மிட் (நடுச் சுருதி) ஒலியை முன்னால் கொண்டுவருகிறது, பேஸைத் தளர்த்துகிறது, ஓங்கி அடித்த கார்டின் முனையை மழுக்குகிறது. ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட 5இ3 டீலக்ஸ் மாடலின் அந்தக் குழைவில் பலகைக்கும் பங்கு உண்டு. நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பேஸ்மேன் மாடலிலும் அப்படியே. பேஸ் கிட்டாருக்காகச் செய்த ஆம்ப் கிட்டார்காரர்கள் கையில் பேர் வாங்கிய கதை தெரிந்ததுதானே.

எதிர்க்கட்சி பிளாக்ஃபேஸ், குமிழ்கள் இருக்கும் முன்தகடு கறுப்பாக இருப்பதால் வந்த பெயர். 1960களின் நடுவில் வந்த இந்த ஃபெண்டர் ஆம்புகளில் பேஃபிள், மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த தடித்த பார்டிகிள் போர்டு. விரலால் தட்டினால் ட்வீட் ‘டொம்’ என்னும். இது ‘டக்’ என்று நிறுத்திக்கொள்ளும். ஒரே பொருளில் தடிமன் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது கணக்கு. பலகை அசையாததால் பேஸ் இறுகி வருகிறது, ஒலி கோனோடு முடிந்துவிடுகிறது. 85 வாட் ட்வின் ரிவர்ப் ஆம்பின் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களுக்கு இது சரியான ஜோடி. அங்கே ஒல்லிப் பலகை போட்டால் மத்தளம் மாதிரி அதிரும்.

பார்டிகிள் போர்டைத் திட்டுகிறவர்கள் எல்லாரும் பழியைச் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் மேல் போடுவார்கள். சிபிஎஸ் ஃபெண்டரை வாங்கியது 1965 ஜனவரியில். தூள் பலகை அதற்கு முன்பே வந்தாயிற்று. ஆனால் 1970களின் சில்வர்ஃபேஸ் (வெள்ளி நிற முன்தகடு) பெட்டிகளில் பலகையைக் காடி வெட்டிப் பசை போட்டுப் பெட்டியோடு ஒட்டிவிட்டார்கள் பாருங்கள், அதற்கு என்னிடம் மன்னிப்பு கிடையாது. முந்தைய பலகையைத் திருகாணி கழற்றி வெளியே எடுக்கலாம். இதை ரம்பம் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர்: பிர்ச் பிளைவுட். லண்டனில் ஜிம் மார்ஷல் தன் ஜேடிஎம்45 ஆம்பை ஃபெண்டர் பேஸ்மேனைப் பார்த்தே உருவாக்கினார். ஆனால் ஸ்பீக்கர்களை முதுகு மூடிய பிர்ச் பெட்டியில் போட்டார். சர்க்யூட் கிட்டத்தட்ட அதேதான். ஒலியோ வேறு ஜாதி. வால்வும் ஸ்பீக்கரும்கூட மாறியிருந்தன, அதனால் எல்லாப் புகழையும் மரத்துக்குக் கொடுக்க நான் தயாரில்லை.

வயதாவதிலும் வித்தியாசம் உண்டு. ஒல்லி பிளைவுட் வளையும். ட்வீட் பெட்டிகளில் வருகிற ஜென்சன் ஸ்பீக்கரின் தகட்டுச் சட்டம் மெல்லியது. வளைந்த பலகையில் நட்டைப் பலமாக முடுக்கினால் சட்டம் முறுக்கிக்கொண்டு, கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் உரசி ‘கர்ர்’ என்று கேட்கும். நான் ஒருமுறை ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கும் வரை போய்விட்டேன். எதிரெதிர் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தியதும் உரசல் நின்றது. பார்டிகிள் போர்டு வளையாது, ஈரம் பட்டால் ஊதும். ஓரம் உதிரும், போல்ட்டு குடிகொண்ட துளை பெரிதாகி நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றும்.

என்னைக் கேட்டால், 5இ3 நகல் கட்டுகிறவர் ஒல்லி பிளைவுட்டையே போடட்டும், மேலேயும் கீழேயும் மட்டும் முடுக்கட்டும். ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போட்டு நாலு பக்கமும் ஒட்டுகிறவர்கள் ட்வீட் சர்க்யூட்டைக் கட்டிவிட்டு ட்வீட் ஒலியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ட்வின்காரர் பழைய பலகை உதிராத வரை அதைத் தொட வேண்டாம். உதிர்ந்துவிட்டால் அதே தடிமனில் பிர்ச் போடலாம், போல்ட்டும் நன்றாகப் பிடிக்கும். பழைய பலகையைத் தூக்கி எறியாதீர்கள். புதியதில் துளை போட அதைவிட நல்ல அச்சு கிடைக்காது.