சாஸ்தா கோயிலுக்கும் கூந்தன்குளத்துக்கும் ஒரே வேன்

மாசி மாதம் இரண்டு நாளைக்கு, 12 சீட் வேன் ஒன்றை டிரைவரோடு பாளையங்கோட்டையில் வாடகைக்கு எடுத்தோம். நாங்கள் 11 பேர், ஆளுக்கொரு ஆசை. அப்பாவுக்குக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும், காரையாறு சொரிமுத்து அய்யனார்தான் எங்கள் சாஸ்தா, சென்னைக்குப் போனதிலிருந்து 9 வருஷமாக அந்தப் பக்கமே வரவில்லை. அம்மாவுக்குத் தான் பிறந்த கல்லிடைக்குறிச்சித் தெருவில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். என் மகளுக்குப் பறவைகள். தங்கை மகன் வரலாறு படிக்கிறான், ஆதிச்சநல்லூர் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்றான்.

வேறு இரண்டு இடங்களில் விசாரித்தபோது கிலோமீட்டர் ரேட் மட்டும்தான் சொன்னார்கள். இந்த வேன்கார அண்ணாச்சி போனில் கேட்ட முதல் கேள்வியே "உங்களுக்கு எந்த சாஸ்தா? பொங்கல் வைக்கீகளா, அர்ச்சனை மட்டுமா?" என்பதுதான். அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, ஏனென்றால் பொங்கல் என்றால் அரை நாள் போகும், கோயில் இருப்பதோ களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள், செக்போஸ்டில் பைகளைச் சோதித்துத்தான் விடுவார்கள், பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம், அரிசி வெல்லத்தைத் துணிப்பையில் கட்டுங்கள், தண்ணீரை எவர்சில்வர் குடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். எங்களுக்கு முன்னால் நின்ற காரில் பாட்டில்களை எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் ஐந்து நிமிஷத்தில் உள்ளே போய்விட்டோம்.

அந்தக் கோயிலிலேயே இருக்கும் பட்டவராயன் என்ற தெய்வத்தின் சன்னதியில் நேர்த்திக்கடனாகக் கொண்டுவந்த தோல் செருப்புகள் இருந்தன. அவற்றைப் பட்டவராயன் போட்டு நடப்பதாக நம்பிக்கை, அடுத்த வருஷம் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும் என்பார்கள். அப்பா குனிந்து பேத்தியிடம் ஒரு செருப்பின் தேய்ந்த குதிகாலைக் காட்டினார். அவளும் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அதற்காகவே இவ்வளவு தூரம் வந்தது சரி என்று தோன்றியது.

இறங்கும் வழியில் கல்லிடைக்குறிச்சி. அம்மா பிறந்த வீடு இப்போது வேறொருவருடையது, ஆனாலும் உள்ளே கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரவைத்தார்கள். அண்ணாச்சி ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. அப்பளமும் பத்தமடைப் பாயும் வாங்கிக்கொண்டு நெல்லை வந்து சேர இருட்டிவிட்டது.

மறுநாள் விடியுமுன் கூந்தன்குளம். ஊருக்குள்ளேயே, வீட்டுவாசல் மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன, அடியில் பெண்கள் பாத்திரம் துலக்குகிறார்கள், எதுவும் பயந்து பறப்பதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று ஊர்க்காரர் ஒருவர் மகளிடம் பொறுமையாக விளக்கினார். அங்கிருந்து கிருஷ்ணாபுரம் கோயிலுக்கு நடை சாத்துமுன் போய்ச் சேர்ந்தோம், நாயக்கர் காலச் சிற்பங்களைப் பார்க்க அரை மணி போதவில்லை. அப்புறம் ஆதிச்சநல்லூர். 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் அகழ்வாய்வுக் குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அதில் நடந்துகொண்டு காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே பார்க்கலாம். தங்கை மகனை அங்கிருந்து கிளப்புவதுதான் பெரிய வேலையாகிவிட்டது.

குறையும் உண்டு. கடைசி சீட்டுக்கு ஏசி வரவில்லை, பெரியவர்களை முன்னால் உட்காரவையுங்கள். ராத்திரி பேட்டா தனி என்பதைக் கணக்கு முடிக்கும்போதுதான் சொன்னார்கள். வாடகை பேசும்போதே பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். ஆடி அமாவாசை சமயத்தில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூட்டம் நெரியும், சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேறு மாதம் பாருங்கள்.

சித்தப்பா குடும்பமும் வருகிறேன் என்கிறது. அடுத்த தைக்கு இதே வேனைச் சொல்லிவைத்துவிட்டோம், இந்த முறை பேட்டாவோடு சேர்த்துப் பேசி.